முதுகில் பச்சை

நாகேஸ்வரி எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றிய கையோடு நேரே உள்ளே போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொள்வாள். குதிக்கால், இடுப்பு, தோள், கொண்டை, நாலும் சுவரில் படவேண்டும். பிறகுதான் கமெரா கண்ணுக்குப் போகும். "இதுக்கு மேலை பின்னாலை போக ஏலாது. சுவரை இடிக்கிற உத்தேசம் இருந்தா இப்பவே சொல்லுங்கோ," என்பாள். பொம்பிளையின் அம்மா சிரித்துவிடுவாள். கலியாணம் பேச வந்த வீட்டில் ஒரு சிரிப்பு வந்துவிட்டால் அரைவாசிக் காரியம் முடிந்தது என்பது அவளுடைய கட்சி.

மானிப்பாயில் இருந்துகொண்டு வலிகாமம் முழுக்கக் கலியாணம் பேசுகிறவள். வயது நாற்பத்தொன்பது. இதுவரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு சோடி. அதில் இரண்டுதான் பிரிந்தது. அந்த இரண்டுக்கும் குறிப்புப் பார்த்த சாத்திரியாரைத்தான் இன்னும் ஏசிக்கொண்டு திரிகிறாள். ஸ்கூட்டியின் முன்கூடையில் குறிப்புக் கட்டு, இருக்கைக்கு அடியில் குடை, கழுத்தில் கமெரா. வேகம் கூட. பஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவளுடைய முதுகு ஊருக்கு ஒரு பஞ்சாங்கம். சுண்ணாம்பு அடித்த பழைய வீட்டுக்குப் போய்வந்தால் வெள்ளை. சண்டிலிப்பாய்ப் பக்கம் என்றால் பெரும்பாலும் நீலம். வெளிநாட்டுக் காசில் புதிதாகக் கட்டின வீடு என்றால் ஒன்றும் ஒட்டாது, அது நல்ல பெயின்ற். பக்கத்து வீட்டு இரத்தினம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு நீலம். புகையிலைக்காரர் வீடோ பிள்ளை? பேச்சு சரிவந்திட்டுதோ?" என்று கேட்பார். "மாமி, உங்களுக்கு என்ரை முகம் கண்ணிலை படுறதே இல்லையோ?" என்று இவள் சேலைத் தலைப்பால் முதுகைத் தட்டுவாள்.

ஆனால் ஒன்றரை வருடமாக, ஒன்றைவிட்ட ஒரு ஞாயிறு, முதுகு பச்சையாக வருகிறது. வாழைக்குருத்துப் பச்சை. அந்தப் பச்சையைப் பற்றி மட்டும் இரத்தினம்மா வாயே திறப்பதில்லை. இரத்தினம்மா ஒன்றைக் கேட்காமல் விடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முதல் கமெராக் கதையைச் சொல்லவேண்டும்.

'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம்' என்று யாராவது சொன்னால் நாகேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வரும். "சொன்னவன் அதுக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகேல்லைப் போலை," என்பாள். அவள் ஒரு தடவை போய் அனுபவித்தவள். ஒரு பொம்பிளை கைபேசியில் படம் எடுத்து, அதைப் பாலில் கழுவின மாதிரி வெளுப்பாக்கி, மூக்கையும் கொஞ்சம் செதுக்கி அனுப்பிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போய்ப் பறந்து வந்து இறங்கினான். விமான நிலையத்தில் பொம்பிளை பூச்செண்டோடு நிற்கிறது. இவன் "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி அவளை விலத்திக்கொண்டு போய் அவளையே தேடுகிறான்! இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாகேஸ்வரி அண்டைக்கே சத்தியம் பண்ணினாள்: இனித் தன் கையால் எடுத்த படம்தான் போகும், உள்ளது உள்ளபடி, ஆளும் வீடும் சேர்த்து.

அந்த நேரம் பார்த்து ஜேர்மனியில் டோட்மண்ட் மாப்பிள்ளை ஒருவன், தனக்குத் தங்கமான மனுசி கிடைத்த புளுகத்தில், தன் கழுத்தில் கிடந்த கமெராவைக் கழற்றி இவளின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனான். டிஜிட்டல்தான், ஆனால் பழைய மாதிரி. கறுப்பு உடம்பு, நெற்றியோரம் ஒரு குட்டி யன்னல். நீட்டுமூக்குக் கமெராவைக் கண்டால் பொம்பிளைகள் விறைத்துவிடுவார்கள். இது சின்னது, சத்தமும் இல்லை. தானாக எதையும் செய்யாது. யன்னலுக்குள்ளே பார்த்தால் நடுவில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வரும். ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தி ஒரே ஆளான இடத்தில் அமுக்கவேண்டும். மாப்பிள்ளை அதை விளங்கப்படுத்தினபோது நாகேஸ்வரி துள்ளினாள். "ஐயோ கடவுளே! இது என்ரை தொழிலுக்கெண்டே செய்த சாமானெல்லே!"

இன்னொரு விசேஷமும் உண்டு. படத்தில் விழப்போகிற அளவுக்கு உள்ளே ஒரு வெள்ளைக் கோடு கட்டியிருக்கும். ஆனால் கோட்டுக்கு வெளியில் நிற்கிறதும் கண்ணுக்குத் தெரியும். பொம்பிளை கோட்டுக்குள் இருந்து வெட்கப்படும். வெளியில் குசினி வாசலில் நின்று தாய் 'சிரியடி, சிரி' என்று வாயைக் காட்டுவா. தமையன் கால் உடைந்த கதிரையை ஒளிப்பான். "கலியாணம் முழுக்க உந்தக் கோட்டுக்கு வெளியிலைதான் நடக்குது," என்பாள் நாகேஸ்வரி. அங்கே பார்த்துத்தான் அவள் பாதிச் சம்பந்தத்தைத் தீர்மானிப்பது.

ஒரே ஒரு கரைச்சல், மூடி. யன்னலால் பார்ப்பதால் லென்சுக்கு மூடி போட்டிருந்தாலும் எல்லாம் வடிவாகத்தான் தெரியும். சாவகச்சேரியில் ஒரு வீட்டில் பொம்பிளைக்கு மூன்று சேலை மாற்றி, முற்றத்தில், கிணற்றடியில், சாமியறையில் என்று முப்பத்திரண்டு படம் எடுத்துவிட்டுப் பார்த்தால் முப்பத்திரண்டும் அமாவாசை. "பிள்ளை ஃபோட்டோவிலை வடிவோ அக்கா?" என்று தாய் கேட்க, "ஒரு குறை சொல்லேலாது," என்று சமாளித்துவிட்டு அடுத்தநாள் திரும்பப் போனாள்.

கரவெட்டிக் கதிரவேலுவைக் கண்டதும் கமெராவால்தான். வல்லை வெளிக்குக் கிட்ட ஸ்கூட்டி ஒரு றோட்டுக் கிடங்கில் விழுந்து எழும்பினதில், யன்னலுக்குள் இரண்டு ஆளும் ஒன்று சேருவதில்லை என்று அடம்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். திருத்த ஆள் தேடிப் போன இடம்தான் கதிரவேலு வீடு. அவர் கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் அளவைக் கருவிகளின் கண்ணாடி துடைத்துத் திருத்தினவர், ஓய்வு எடுத்துக்கொண்டு ஊரோடு வந்திருக்கிறார், வயது ஐம்பத்தெட்டு, மனுசி தவறி எட்டு வருடம், ஒரே மகன் நோர்வேயில். இவ்வளவையும் வாசலில் நின்றே விசாரித்துவிட்டாள், தொழில் பழக்கம். உள்ளே போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக் கமெராவைத் தூக்கி, "பாருங்கோ அண்ணை, ரெண்டும் சேருதில்லை," என்றாள்.

அவர் அவளிடம் பேசின முதல் சொல், "மூடி."

பார்த்தால் மூடி போட்டபடி. அவள் நாக்கைக் கடித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஊசி மாதிரி ஒரு திருப்புளியை எடுத்து, தூரத்துப் பனை வட்டைக் குறிவைத்து, ஒரு ஆணியை மயிரளவு திருப்பினார். இரண்டு பனை ஒரு பனையானது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பின முதுகுதான் முதல் பச்சை முதுகு.

கமெராவோடு வந்த லென்ஸ் முப்பத்தைந்து மில்லிமீற்றர். இலக்கம் குறையக் குறையப் படம் அகலும். சின்ன அறைக்கு அது காணாது. ஆறு பேரை நிறுத்தினால் இரண்டு பேருக்குக் கை இருக்காது. அகலமான ஒன்று வேணும். கொழும்பில் பழைய லென்ஸ் விற்கிற சினேகிதர் ஒருவர் கதிரவேலுவிடம் துடைக்கக் கொடுத்து வைப்பார், பிடித்தவர் எடுக்கலாம். கதிரவேலு யோசிக்கவே இல்லை. லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்தார். "இருவத்தெட்டு. உங்கடை தொழிலுக்கு இதுதான் அளவு. ரெண்டு கிழமை பாவிச்சுப் பாருங்கோ."

இரண்டு கிழமையில் திரும்பக் கொண்டுவந்தாள். "உள்ளுக்கை ஒரு தூசு கிடக்கு அண்ணை."

அங்கே தொடங்கினது. இருபத்தைந்து: வளையம் இறுக்கம், திருப்பி முடிக்க மாப்பிள்ளைக்கு நரை விழுந்துவிடும். இருபத்தொன்று: அதற்குக் கமெராத் தலையில் தனியாக ஒரு கண்ணாடி பூட்டவேண்டும், அது பரவாயில்லை, ஆனால் ஓரத்தில் நிற்கிறவர்களை இழுத்துவிடும். மாப்பிள்ளையின் தாயார் ஓரத்தில் நின்றா. படத்தில் கலியாணப் பூசணிக்காய் ஆகிவிட்டா. அந்தச் சம்பந்தம் அதோடு சரி. பதினெட்டு: பத்தடி அறையைத் தேர்முட்டி வீதி ஆக்கிவிட்டது. கனடாக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஹோலுக்குள்ளையே கலியாணத்தை வைக்கலாம்போலை," என்று எழுதினார்கள். "உது லென்சில்லை, பெரும் பம்மாத்து," என்று அதையும் திருப்பினாள். பதினைந்து: எல்லாப் படத்திலும் கீழே அவளுடைய பத்துக் கால்விரலும் நகப்பூச்சோடு வரிசையாக நின்றன. இன்னொரு இருபத்தெட்டு: வடிவுதான், ஆனால் ஆட்களைக் கொஞ்சம் குளிர் பிடித்த மாதிரி நீலமாக்கியது.

"படத்திலை வீட்டு யன்னல் எல்லாம் சரிஞ்சு விழுகுது," என்று அவள் ஒருநாள் குறை சொல்ல, கதிரவேலுவுக்கே பொறுக்கவில்லை. "கமெராவை நிமித்திப் பிடிக்கோணும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

"நான் ஆட வரேல்லை. ஊரை ஆட்டுவிக்கிற ஆள்," என்றாள் இவள். அவர் அன்றைக்குத்தான் முதல்முதல் சத்தமாகச் சிரித்தது. அவள் வல்லை வெளி முழுக்க அந்தச் சிரிப்பை நினைத்துத் தானும் சிரித்துக்கொண்டு வந்து, நெல்லியடியில் வாங்கின கத்தரிக்காய்ப் பையை எந்த இடத்தில் விழுத்தினாள் என்று இன்றைக்கும் தெரியாது.

இப்படி ஒன்பது லென்ஸ், ஒவ்வொன்றும் நாலைந்து தடவை போய்வந்தது. போகிற ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒழுங்கு. அவள் வந்து சுவரில் முதுகை ஒட்டுவாள். அவர் "மூடி" என்பார். ஒருநாள் தவறியதில்லை. பிறகு "மேசையிலை வைக்கேக்கை மூடியைப் போட்டு வையுங்கோ," என்பார். அதுவும் தவறியதில்லை. பிறகு தேத்தண்ணி, பருத்தித்துறை வடை. லென்சின் குற்றங்களைப் பற்றிப் பத்து நிமிடம் கதை. மிச்சம் இரண்டு மணித்தியாலம் உலகத்தைப் பற்றிக் கதை. முதல் நாலு மாதம் அவர் 'கதிரவேலு அண்ணை'. பிறகு அந்த 'அண்ணை' எங்கேயோ காற்றோடு போய்விட்டது. பதிலுக்கு வேறொன்றும் வரவில்லை. பேர் சொல்லாமலே பேசிப் பழகிவிட்டாள். அவர் ஒருதரம், சுவர் உங்கள் சேலையைப் பழுதாக்குகிறது, நல்ல பெயின்ற் அடிக்கப்போகிறேன் என்றார். "வேண்டாம். உந்த நிறம் நல்லாத்தானே கிடக்கு," என்று இவள் அவசரமாகச் சொன்னாள்.

இதெல்லாம் தன் கண்ணுக்கு முன்னால் நடந்தும் ஊர்க் கலியாணம் பேசுகிறவளுக்கு விளங்கவில்லை என்றால் நம்புவீர்களா? விளங்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற கீர்த்திகன் விளங்கவைத்தான்.

கீர்த்திகன் இவளுடைய தீராத தலையிடி. பொறியியலாளர், நல்ல பெடியன், ஆனால் முப்பத்தெட்டுப் பொம்பிளையின் படம் பார்த்து முப்பத்தெட்டையும் தட்டினவன். படம் அனுப்புகிற நேரமெல்லாம் கரவெட்டி லென்ஸ் கதையும் அவனிடம் போகும். நாகேஸ்வரி தொலைபேசியில் பிடித்தாள்.

"கீர்த்திகன், நீர் என்ன கப்பலோ வாங்கிறீர்? ஒண்டுக்குப் பல்லு, ஒண்டுக்கு நெத்தி. குறை இல்லாத ஆள் வேணுமெண்டா கோயில்லைதான் இருக்கு, அதுவும் கல்லிலை."

"அக்கா, உங்கடை லென்ஸ் என்ன மாதிரி? எடுத்தாச்சோ?"

"எங்கை? ஒம்பதாவதும் பாத்தாச்சு. ஒண்டும் மனசுக்குப் பிடிக்குதில்லை."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "பிடிக்கேல்லையோ? இல்லாட்டி, பிடிச்சுப்போனா கரவெட்டிக்குப் போக ஏலாதெண்டோ? ஊருக்கு உபதேசம் அக்கா! நீங்கள் முதல் ஒரு லென்சைத் தெரியுங்கோ. நான் பிறகு பொம்பிளையைத் தெரியிறன்."

"கோதாரி!" என்று போனை வைத்தாள். வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிணற்றடிக்கும் கொய்யா மரத்துக்கும் நடந்தாள். காரணமில்லாமல் வாளியைக் கிணற்றில் விட்டுத் திரும்ப எடுத்தாள். இருபத்தாறு வயதில் செவ்வாய் என்று மூன்று சம்பந்தம் தட்டுப்பட்டதோடு தன் குறிப்பை அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினவள். அதற்குப் பிறகு கலியாணம் என்பது மற்றவர்களுக்கு நடக்கிற ஒன்று. இப்போது நெஞ்சு இப்படி அடிக்கிறதே, வெட்கங்கெட்ட நெஞ்சு! சந்தோசமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சந்தோசம்தான் கூட, அதுதான் பயம்.

வியாழக்கிழமை கதிரவேலுவின் அழைப்பு வந்தது. அவர் போனில் எப்போதும் தந்தி அடிக்கிற மாதிரிக் கதைப்பவர்.

"கொழும்புச் சினேகிதர் கடையை மூடுறார். திங்கக்கிழமை ஆள் வந்து லென்ஸ் எல்லாத்தையும் கொண்டுபோகுது. ஞாயிறு வந்து ஒண்டை எடுங்கோ. இனி லென்ஸ் வராது."

"ஓம்," என்றாள்.

இனி லென்ஸ் வராது. அப்படியென்றால் இனி ஞாயிறும் வராது. லென்ஸ் ஒன்று கையில் இல்லாமல் ஒருத்தி வல்லை வெளி தாண்டித் தனிய இருக்கிற ஒருவர் வீட்டுக்கு என்னத்துக்குப் போகிறாள் என்று ஊர் கேட்கும். ஊர் கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும். ஊரைப் பேச்சால் வெல்வதுதானே தொழில். அவரே 'என்ன விசயமா வந்தனீங்கள்?' என்று கேட்டுவிட்டால்? இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் கதவைத் தட்டிக் கேட்டவளுக்குத் தனக்கென்று ஒரு கதவைத் தட்டத் தெரியவில்லை.

ஞாயிறு போனாள். ஊதா நிறச் சேலை. இரத்தினம்மா மதிலுக்கு மேலால் பார்த்து, "பச்சை நல்லா எடுக்கும் பிள்ளை, உந்த ஊதாவிலை," என்று மட்டும் சொன்னார்.

கதிரவேலு மினுக்கி மடிப்புக் கலையாத சேட்டோடு பிரம்புக் கதிரையில் இருந்தார். மேசையில் ஐந்து லென்ஸ் வரிசையாக. "பாத்து எடுங்கோ," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. நாகேஸ்வரி சுவரில் முதுகை ஒட்டினாள். கையில் இருந்த பழைய முப்பத்தைந்தோடேயே கமெராவைத் தூக்கினாள்.

"மூடி."

கழற்றினாள். யன்னலுக்குள் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுக்குள் கதிரவேலு, தனியாக, முழங்காலில் கை வைத்தபடி. வழக்கமான படம்தான். ஆனால் தொழில்காரியின் கண், அது பழக்கதோசத்தில் கோட்டுக்கு வெளியே போனது.

அங்கே இரண்டாவது பிரம்புக் கதிரை. முதன்முதல் வந்த அன்றைக்கு அதில் உடைந்த வானொலியும் பழைய பேப்பரும் குவிந்து கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. இப்போது அதில் ஒரு புதுத் தலையணை, விலைச்சிட்டை கழற்றாமல். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை இரண்டு. ஆணியில் அவள் தை மாதம் மறந்துவிட்டுப் போன குடை, காயவைத்து, மடித்து, நாடா கட்டித் தொங்கியது. எந்த வீட்டிலும் குசினி வாசலில் நிற்கிற தாயை முதல் பார்வையில் பிடிக்கிறவள், இந்த வீட்டில் ஒன்றரை வருடமாகக் கோட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரோடு சேர்ந்து குலுங்கினாள். பச்சை உதிர்ந்தது.

"என்ன?" என்றார் கதிரவேலு.

"ஒண்டுமில்லை. அந்த இருவத்தெட்டைத் தாங்கோ. முதன்முதல் தந்தனீங்கள், அது."

"அதுக்குள்ளை தூசு எண்டனீங்கள்?"

"துடைச்சிருப்பீங்கள்தானே."

அவர் மேசைப்பக்கம் பார்க்கவில்லை. லாச்சியைத் திறந்தார். லென்ஸ் ஒரு மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்தது. "அண்டைக்குப் பின்னேரமே துடைச்சிட்டன்," என்றார்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே." கொஞ்ச நேரம் துணியை மடித்தார். "சினேகிதருக்கு அது எப்பவோ வித்துப்போச்செண்டு சொல்லி, என்ரை கையாலை காசைக் குடுத்திட்டன். மற்றதுகளை நீங்கள் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தனீங்கள், எனக்கு..." என்று தொடங்கி, தந்தி முடிந்துவிட்டது.

இருபத்தெட்டைப் பூட்டினாள். கோணலாகப் போனதைக் கழற்றித் திரும்பவும் பூட்டினாள். திரும்ப முதுகைச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள். கதிரவேலு, கோப்பைகள், குடை, இரண்டு கதிரை, எல்லாம் கோட்டுக்குள் வந்து குந்தியிருந்தன. அளவென்றால் அளவு. வளையத்தைத் திருப்பினாள். இரண்டு கதிரவேலு நெருங்கி வந்து ஒரு கதிரவேலு ஆனார்.

"வெறும் கதிரை படத்துக்குக் கூடாது," என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி.

கமெராவை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு நின்ற அலுமாரியின் தட்டில், தன் கண் இருந்த உயரத்துக்கு, புத்தகம் இரண்டை அடியில் கொடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தானாக எடுக்கிற பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். பன்னிரண்டு செக்கன். முன்பக்கம் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஓடினாள், நாற்பத்தொன்பது வயதில், ஊதாச் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, முதுகு முழுக்கப் பச்சையோடு.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கட்டினவரைத் தவிர வேறொருவரையும் 'இஞ்சருங்கோ' என்று கூப்பிடுவதில்லை. கதிரவேலு தள்ளி இருந்தார். அவள் தலையணையில், விலைச்சிட்டைக்கு மேலேயே, தொப்பென்று இருந்து நிமிர்ந்தாள். இரண்டு பேரும் கலியாணப் படத்துக்கு இருக்கிறவர்கள் மாதிரி விறைத்துக்கொண்டு நேரே பார்த்தார்கள்.

நேரே பார்த்தபோதுதான் கண்டாள். மேசையோ தட்டோ, எங்கே வைத்தாலும் மூடியைப் போட்டு வைக்கச் சொல்லி ஒன்றரை வருடமாகப் பழக்கியிருந்தாரே, கை தன்பாட்டில் அதைச் செய்திருந்தது. சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், வட்டமாக, கறுப்பாக, மூடி.

விளக்கு வேகமாக மினுங்கியது. அவள் அசையாமல் அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தாள். பக்கத்தில் கதிரவேலு வாய் திறக்கிற சத்தம் கேட்டது. கடைக்கண்ணால் பார்த்தாள். கையை நீட்டப் போனவர், அந்தக் கையைத் திருப்பிக் கொண்டுவந்து, சேட்டுக் கொலரைச் சரிசெய்து, மூடி போட்ட லென்சை நேரே பார்த்துப் படத்துக்குச் சிரித்தார்.